தீவுக்குத் தேவை, அங்கேயே தங்கும் ஒரு செவிலியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவ வலியோடு தீவிலிருந்து கிளம்பிய ஒரு பெண், கரை வந்து சேர்வதற்குள் படகிலேயே குழந்தை பெற்றெடுத்த செய்தியை உங்கள் இதழில் படித்தேன். தாயும் சேயும் நலம் என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சே வந்தது. படகோட்டியையும் கூட வந்த பெண்களையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனாலும் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 17 ஆண்டுகள் ஒரு சிறிய தீவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்தப் பெண் அன்றைக்கு ஏன் இன்னும் தீவிலேயே இருந்தாள், அவளுடைய பிரசவத் தேதியை யாராவது குறித்து வைத்திருந்தார்களா என்ற கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த சில நாட்களில் வாசகர் கடிதங்களும் வந்தன. பலர் வேகமான படகு கேட்டிருந்தார்கள், ஒருவர் ஹெலிகாப்டர் கேட்டிருந்தார். இரண்டும் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த இரவுக்கு முந்திய ஒன்பது மாதத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இருந்த தீவிலிருந்து கரைக்கு, கடல் அமைதியாக இருந்தால் மூன்று மணி நேரம். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தம் போகத் தொடங்கினால், வைத்தியம் கிடைக்காத தாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே இறந்துபோகலாம். இந்தக் கணக்கை எந்தப் படகாலும் நேராக்க முடியாது. படகோட்டியை எழுப்ப வேண்டும், எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நாலு பேர் சேர்ந்து அவளைத் துறைக்குத் தூக்கி வர வேண்டும். நீர் வற்றிய நேரமாக இருந்தால் படகு மணலில் தட்டி நிற்கும். இதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே ரத்தப்போக்கைத் தீவிலேயே தடுத்தாக வேண்டும், அந்த வேலையும் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில் அவள் உடம்பில் ரத்தம் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்கிறோம். 7 கிராமோடு பிரசவத்துக்கு வரும் பெண், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் சாதாரண ரத்த இழப்பையே தாங்கமாட்டாள். இதற்கு மருந்து இரும்புச்சத்து மாத்திரை, அது எல்லோருக்கும் தெரியும். மாதத்துக்கு ஒரு முறை படகில் வரும் குழுவினர் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, அட்டவணையில் குறித்துக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் திரும்பிப் போவார்கள். கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும். நான் வீட்டுக்குப் போய்த் தலையணைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். பத்து மாத்திரையில் இரண்டுதான் குறைந்திருக்கும். குமட்டுகிறது என்பாள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுவாள். அது இரும்பின் நிறம், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லி, சாப்பிட்ட பிறகு படுக்கப் போகும் நேரத்தில் விழுங்கச் சொல்லி, இரண்டு நாள் கழித்து மறுபடி போய் அட்டையைப் பார்ப்பேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போவது, மாதம் ஒரு முறை வருகிறவர்களால் முடியாத காரியம்.

அடுத்தது பிரசவ நேரத்து மருந்து. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் விட்டு விட்டு வரும் தீவில் அது பெரும் பாடு. குழந்தை பிறந்தவுடன் கொடுக்க, வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ஊசி போட ஆள் இல்லாத இடத்துக்கு மிசோபிரோஸ்டால் மாத்திரை இருக்கிறது, 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று. பெரிய மருத்துவமனைகளைவிட இவை அவசியம் இருக்க வேண்டிய இடம் கடலுக்கு நடுவில் இருக்கும் சின்ன நிலையங்கள்தான்.

பிரஷர் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் முதல் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு என் வாசலைத் தாண்டிப் போனாள். எட்டாவது மாதம். அவளுக்கு அன்றைக்குப் பரிசோதனை நாள்கூட இல்லை. "ஏன் மோதிரத்தைக் கழற்றிவிட்டாய்?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "விரல் வீங்கிப்போச்சக்கா, சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன், நேற்றிலிருந்து தலைவலியும் விடவில்லை" என்றாள். குடத்தை இறக்கி வைக்கச் சொல்லி உட்கார வைத்தேன். பிரஷர் 150க்கு 100. சிறுநீரில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தால் புரதம் இருந்தது. 140க்கு 90 என்றாலே நாங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அப்படியே விட்டிருந்தால் அடுத்தது வலிப்பாக இருந்திருக்கலாம். கடல் அன்றைக்குக் குளம் போல் கிடந்தது. மத்தியானத்துக்குள் அவளைக் கரைக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் பிடித்த காற்று ஆறு நாள் ஓயவில்லை, ஒரு படகும் இறங்கவில்லை. அவள் மருத்துவமனையில் குழந்தை பெற்று, இரண்டு பேருமாகத் திரும்பி வந்தார்கள். நான் செய்த வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவள் தண்ணீருக்குப் போகும் பாதையில் என் வீடு இருந்தது, அவள் விரலில் மோதிரம் இருந்தது எனக்கு நினைவிருந்தது.

இப்போது பிரசவத் தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசத் தேதி கிடைக்கும். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நாலைந்துதான். அதனால் தீவுப் பெண் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கரைக்கு வந்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். இதற்கென்றே பிரசவக் காத்திருப்பு இல்லங்களைப் பல நாடுகள் நடத்துகின்றன. கியூபாவில் 1962லிருந்தே இருக்கின்றன. ஆனால் கட்டடம் கட்டிவிட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. என்னிடம் "வரமாட்டேன்" என்று சொன்னவர்களில் ஒருத்தியும் அறியாமையால் சொல்லவில்லை. மூத்தது மூன்று வயது, அதை யாரிடம் விட்டுவிட்டு வருவது? புருஷன் கடலுக்குப் போனால் கிழவிக்கு யார் சோறு போடுவது? அங்கே யார் என் பாஷையில் பேசுவார்கள்? எல்லாமே நியாயமான கேள்விகள். மூத்த குழந்தையையும் துணைக்கு ஒரு பெண்ணையும் சேர்த்துத் தங்க விட வேண்டும், சமைத்துக்கொள்ள அடுப்பு வேண்டும், போகவர ஆகும் செலவை முன்கூட்டியே கையில் கொடுக்க வேண்டும். அப்புறம், தீவில் தெரிந்த முகம் ஒன்று ஆறாம் மாதத்திலிருந்தே அந்த வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்க வேண்டும். எட்டாவது மாதக் கடைசியில் வந்து "கிளம்பு" என்றால் யார்தான் கிளம்புவார்கள்?

என் பதிவேட்டில் பிரசவத் தேதிகளை மாதவாரியாக எழுதி, காற்றுக் காலத்தில் வருகிற பெயர்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைப்பேன். முந்தைய பிரசவத்தில் சிக்கல் இருந்தவர்களுக்கு இரண்டு கோடு.

ஒரு வருடம் எனக்கு உடம்பு முடியாமல் ஐந்து மாதம் விடுப்பில் போனேன். என் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. இரண்டு கோடு போட்ட ஒரு பெண் இருந்தாள், மூன்றாவது பிரசவம். இரண்டாவதில் அவளுக்கு ரத்தப்போக்கு வந்து நானும் கிழவி ஒருத்தியுமாக அடிவயிற்றைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நிறுத்தினோம். "37ஆம் வாரம் கரைக்கு அனுப்ப வேண்டும்" என்று அவள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தேன். பதிவேடு பூட்டிய அலமாரியில் இருந்தது. குழந்தை ஒரு இரவில் வீட்டிலேயே பிறந்தது. படகை இறக்குவதற்குள் தாய் போய்விட்டாள். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தபோது என் கையெழுத்திலேயே அந்த வரி இருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளிக்குப் போகும் வழியில் எனக்கு வணக்கம் சொல்லும். பதிலுக்கு வணக்கம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம்தான் கண் முன்னால் வரும்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பணியிடம் ஐந்து மாதம் காலியாக இருப்பது அலுவலகக் காகிதத்தில் ஒரு வெற்றுக் கட்டம். தீவில் அதற்கு என்ன விலை என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

இது இன்று நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. ஐஸ்லாந்தின் தெற்கே வெஸ்ட்மன் தீவுகள் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் முதல் இரண்டு வாரத்துக்குள் தாடை இறுகி இறந்தன. தொப்புள்கொடி வழியாக ஏறும் டெட்டனஸ் அது. 1847இல் ஷ்லைஸ்னர் என்ற டென்மார்க் மருத்துவர் அங்கே போய்த் தங்கி, ஒரு பிரசவ இல்லம் தொடங்கி, தொப்புளைச் சுத்தமாகப் பராமரிக்க வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. டெட்டனஸ் கிருமியையே யாரும் கண்டுபிடிக்காத காலம் அது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருக்கும் செயின்ட் கில்டா தீவிலும் இதே நோய், இதே போல் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. அங்கே அது ஓய 1890கள் ஆயின. இத்தனைக்கும் வழி ஒரு தீவில் தெரிந்து நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இன்றைக்குக் கர்ப்பிணிக்கு ஊசியே இருக்கிறது. சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், கொடியின் மேல் சாம்பலோ எண்ணெயோ எதுவும் வைக்கக் கூடாது. ஊசி போட்டு இவ்வளவையும் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் தீவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சின்ன மக்கள்தொகையில் தட்டம்மை தானாகவே மறைந்துவிடும். பல வருடம் வராது, எல்லோரும் மறந்துவிடுவார்கள். அப்புறம் வெளியிலிருந்து ஒரே ஒருவர் கொண்டு வந்தால் போதும். வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பிறகு 65 வருடம் தட்டம்மையே இல்லை. 1846இல் வந்தபோது ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018 ஜூலையில் தட்டம்மைத் தடுப்பூசிப் பொடியை, தண்ணீருக்குப் பதிலாகத் தவறுதலாக வேறொரு மருந்தோடு கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, தாய்மார்களின் நம்பிக்கையும் போனது. அடுத்த வருடம் தட்டம்மை நுழைந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதைப் படித்த அன்று நான் பழைய பழக்கத்தில், ஊசி மருந்துக் குப்பியின் பெயரை விரல் வைத்துப் படிப்பது போல விரலை நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். ஒரு செவிலியரின் கையில் எவ்வளவு இருக்கிறது!

கையில் இருக்கிற சின்ன வேலைகளில் ஒன்றைச் சொல்கிறேன். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் அடுக்கிவிடக் கூடாது. வெளியே வைத்து அது வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். படகு கிளம்புகிறது என்று அவசரப்பட்டு அடுக்கினால் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி போன்ற மருந்துகள் உறைந்து கெட்டுவிடும். குப்பியின் மேல் இருக்கும் சின்னச் சதுரம் வெப்பம் பட்டதைக் காட்டிக்கொடுக்கும், உறைந்ததைக் காட்டாது. குழந்தை அழும், அட்டையில் தேதி எழுதுவோம், தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், பாதுகாப்பு மட்டும் இருக்காது.

இன்னொன்று. தட்டம்மைத் தடுப்பூசி பல இடங்களில் பத்துக் குழந்தைகளுக்கான குப்பியில் வருகிறது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தீவில் அன்றைக்கு வந்திருப்பது இரண்டு குழந்தைகள். எட்டு வீணாகுமே, மேலே கேட்பார்களே என்று பயந்து, "அடுத்த மாதம் வாம்மா, இன்னும் நாலு பேர் சேரட்டும்" என்று அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. நானே என் முதல் வருடத்தில் அப்படி அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் கடல் விடவில்லை. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. தீவுச் செவிலியரிடம் மருந்து வீணான கணக்கைக் கேட்டு மிரட்டாமல் இருந்தாலே பல குழந்தைகள் தப்பும்.

ட்ரோன் பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் 2018 டிசம்பரில் எரோமாங்கோ தீவின் ஒரு முனைக்கு, சுமார் 40 கிலோமீட்டர் மலையும் பள்ளமும் தாண்டி, ட்ரோனில் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு 13 குழந்தைகளுக்கும் 5 கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டார்கள். நல்ல காரியம், நான் கைதட்டுகிறேன். ஆனால் பெட்டி இறங்கிய இடத்தில் ஒரு செவிலியர் இருந்தார். எந்தக் குழந்தைக்கு எது பாக்கி என்று அவருக்குத் தெரியும், அவர் கூப்பிட்டால் தாய்மார்கள் வந்தார்கள். அவர் இல்லாத கரையில் அந்தப் பெட்டி இறங்கி என்ன பயன்?

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் மாலத்தீவைப் பாருங்கள். ஏறக்குறைய 190 தீவுகளில் மக்கள் சிதறி வாழும் நாடு. எச்ஐவி, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மூன்றும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்துவிட்டதாக 2025இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டுக்கு அங்கீகாரம் தந்தது. மூன்றையும் ஒழித்த முதல் நாடு அதுதான். கர்ப்பிணி ஒருத்தியையும் விடாமல் ரத்தப் பரிசோதனை செய்து, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டால்தான் இது நடக்கும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. மக்கள் வாழும் ஒவ்வொரு தீவிலும் குறைந்தது இரண்டு செவிலியர் பணியிடம் வேண்டும், ஒருவர் கரைக்குப் போனால் மற்றவர் இருப்பார். ஒழுகாத வீடு, கதவுள்ள கழிப்பறை, இரவில் பேச ஒரு டாக்டரின் தொலைபேசி எண். சொந்தக் குழந்தைகளின் படிப்புக்காகத்தான் பல செவிலியர்கள் தீவை விட்டு மாற்றல் கேட்கிறார்கள், அதற்கு உதவி செய்தால் தங்குவார்கள். அதைவிட நல்லது, அந்தந்தத் தீவுப் பெண்ணையே படிக்க வைத்துத் திருப்பி அனுப்புவது. காற்று தொடங்குவதற்கு முன் மூன்று மாத மருந்து தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் செய்தியாளருக்கு ஒரு வேண்டுகோள். படகில் பிறந்த அந்தக் குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள். தாயின் ரத்த அளவையும் கேளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவளை இரண்டாவது வாரத்துக்குள் ஒருவர் வீட்டில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி பரிசோதனை, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி. செய்தி வந்த தேதியிலிருந்து நான் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். அந்த வாரம் காற்றுக் காலத்தில் விழுகிறது. அந்தத் தீவில் யாராவது அதற்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீவுச் செவிலியர்